பாரபெட்டில் 1911, பதிவேட்டில் 1885: பழைய கடைக் கட்டடத்தின் வயதை எப்படி உறுதிசெய்வது?

முகப்புச்சுவர் (கேள்வி)

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், கடைத்தெருவில் உள்ள செங்கல் கட்டடம் பற்றிக் கேட்கிறேன். கீழே இரண்டு கடைகள், மேலே ஒரு மாடி. கவுன்சிலின் எல்.இ.பி. (உள்ளூர்ச் சுற்றுச்சூழல் திட்டம்) 5ஆம் அட்டவணையில் உள்ளூர் பாரம்பரியக் கட்டடமாகப் பதிவாகியிருக்கிறது. மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இல்லை.

பதிவுத்தாளில் "1885 அளவில்" என்று இருக்கிறது. கட்டியவர் பெயர் இல்லை. பாரபெட்டிலோ (முகப்பின் உச்சியில் கூரைக்கு மேல் எழும் சுவர்) பூச்சு எழுத்தில் 1911. முகப்பு முழுக்க சிமெண்ட் பூச்சு. பக்கச்சுவரும் பின்சுவரும் வெறும் செங்கல். நடைபாதைமேல் உள்ள பந்தலுக்குத் தூண் கிடையாது, சுவரிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்குகிறது. இடக்கடையில் அச்சுத்தகட்டு (அச்சில் அழுத்திய உலோகத் தகடு) உட்கூரை, வலக்கடையில் தட்டையான ஃபைப்ரோ (நார்ச்சிமெண்ட் பலகை) உட்கூரை. வலக்கடை 1930களில் கிரேக்கர் நடத்திய கஃபே என்று ஊரில் சொல்கிறார்கள்; வாசலில் டெராசோ (கல்துணுக்கு பதித்து மெருகேற்றிய) தரை இருக்கிறது.

தூண் வைத்த பழைய தாழ்வாரத்தைத் திரும்பக் கட்டவும், ஃபைப்ரோவை எடுத்துவிட்டுப் பழைய உட்கூரையை மீட்கவும் திட்டம். எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்ற வரலாற்றோடு பாரம்பரியத் தாக்க அறிக்கை கொடுக்கும்படி கவுன்சிலின் ஆலோசகர் கேட்டிருக்கிறார்.

எந்த ஆண்டை நம்புவது? தேடலை எங்கே தொடங்குவது? சுவரைக் கெடுக்காமல் சுவரிலேயே எதைப் பார்க்கலாம்?

மூலப்பத்திரம் (பதில்)

இரண்டு ஆண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட பதிவுத்தாள்கள் பல, பாரம்பரிய ஆய்வுக்காகத் தெருவில் நின்று பார்த்து எழுதப்பட்டவை. "அளவில்" என்பது பாணியைப் பார்த்துச் செய்த ஊகம். அதை அறிக்கையில் ஆதாரமாகக் காட்டாதீர்கள், சோதிக்க வேண்டிய கூற்றாக மட்டும் வையுங்கள். பாரபெட் ஆண்டும் அப்படித்தான். கட்டடம் எழுந்த ஆண்டாக இருக்கலாம், முகப்பை மட்டும் மாற்றிய ஆண்டாக இருக்கலாம், வியாபாரம் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம்.

முதலில் நிலப்பதிவு. இன்றைய லாட் (மனை), டி.பி. (பதிவான மனை வரைபடம்) எண்ணை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். ஒவ்வொரு பதிவிலும் அதற்கு முந்தைய டைட்டிலின் (நில உரிமைச் சான்று) எண் இருக்கும். பழையவை வால்யூம், ஃபோலியோ என்ற இரண்டு எண்களால் அறியப்படும். மாநிலத்தின் வரலாற்று நிலப்பதிவுத் தளத்தில் பழைய டோரன்ஸ் (பதிவேடே உரிமைக்குச் சான்றாகும் முறை) பக்கங்களும் பாரிஷ் (நில அளவைப் பிரிவு) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கும். காகித டைட்டில்களை 2021 அக்டோபர் 11 முதல் ரத்து செய்துவிட்டார்கள். பழைய பதிவுப் பக்கங்களை அது பாதிக்கவில்லை.

நியூ சவுத் வேல்ஸில் டோரன்ஸ் முறை 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அரசு விற்ற மனை எல்லாம் தொடக்கத்திலிருந்தே டோரன்ஸ்தான், சங்கிலி அறாமல் வரும். அதற்கு முன் விற்ற மனை பழைய பத்திர முறையில் இருந்திருக்கும். பின்னாளில் 'பிரைமரி அப்ளிகேஷன்' (பி.ஏ.) என்ற விண்ணப்பம் போட்டு டோரன்ஸுக்கு மாற்றியிருப்பார்கள். டைட்டிலில் பி.ஏ. எண் தெரிந்தால் விடாதீர்கள். அந்த உறையில் மூலப்பத்திரங்களும், சில நேரம் மனையில் என்ன கட்டடம் நின்றது என்ற உறுதிமொழிகளும் இருக்கும். அவை மாநில ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதி, கொடுத்தவர், வாங்கியவர், அவர்கள் தொழில், அடமானம் ஆகியவற்றைக் குறியுங்கள். தொழில் முக்கியம். "மளிகைக்காரர்" கையிலிருந்து "ஜவுளிக்காரர்" கைக்குப் போகும் இடத்தில் கடை முகப்பும் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. அடமானம் அதைவிட முக்கியம்: பல ஆண்டுகள் சும்மா இருந்த மனையில் திடீரென்று வங்கியிடம் பெரிய அடமானம் விழுந்தால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளைக் கூர்ந்து தேட வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. டைட்டில் நிலத்தைப் பற்றியது. கட்டடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு தேவை, ஆகவே ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்கு இருந்த கடைக்காரர் அதில் தென்படவே மாட்டார். உரிமையாளரே கடை நடத்தினார் என்று எழுதிவிடுவது இதனால் வரும் பிழை. மூன்றாவது அளவு. பழைய வரைபடத்தில் "50" என்றிருந்தால் அது அடியா லிங்க்கா என்று பாருங்கள். 100 லிங்க் ஒரு செயின், அதாவது 66 அடி அல்லது 20.12 மீட்டர். 50 லிங்க் என்றால் 33 அடி, 10.06 மீட்டர். அடி என்று எடுத்தால் 15.24 மீட்டர் ஆகிப் பக்கத்துக் கடையின் வரலாற்றையும் சேர்த்து எழுதிவிடுவீர்கள். பழைய ஊர்மனை பல இடங்களில் அரை ஏக்கர். ஒரு செயின் முகப்பும் ஐந்து செயின் ஆழமும் இருந்தால் சரியாக அரை ஏக்கர் வரும். உங்கள் இரண்டு கடைகளின் முகப்பையும் டேப் வைத்து அளந்து, பத்திர அளவோடு ஒப்பிட்ட பிறகு மேலே போங்கள்.

வரிப்புத்தகம் கவுன்சிலிலோ ஆவணக்காப்பகத்திலோ இருக்கும். பழைய நகராட்சிப் புத்தகங்களில் ஆண்டு வாடகை மதிப்பு ஒரே ஆண்டில் பல மடங்கு தாவினால் கட்டடம் எழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். 1906 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் இந்தத் தடயம் மங்கிவிடும். பொது வரி வெறும் நில மதிப்பின்மேல் கணக்கிடப்பட்டதால், மாடியே கட்டினாலும் வரி தாவாது. 1911ஐச் சோதிக்க வரித்தொகையைப் பார்த்துப் பயனில்லை. கட்டடத்தோடு சேர்த்த மதிப்பு என்று தனிப் பத்தி இருந்தால் அதைப் பாருங்கள்.

நாளிதழ்க்கட்டு (பதில்)

அடமானத் தேதி கிடைத்ததும் ட்ரோவ் போங்கள். தேசிய நூலகத்தின் தளம், கட்டணம் இல்லை. பெரும்பாலான செய்தித்தாள்கள் 1954 வரை இருக்கும்.

தெருப்பெயரும் கதவு எண்ணும் போட்டுத் தேடுவது வீண். சிற்றூர்க் கடைகளுக்கு எண் வந்தது வெகு பிந்தி. "அஞ்சலகத்துக்கு அடுத்த கடை", "வங்கிக்கு எதிரே" என்றுதான் அன்று எழுதினார்கள். உரிமையாளரின் குடும்பப்பெயர், அதோடு ஆங்கிலத்தில் டெண்டர் என்ற சொல், அடமானத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு: இப்படிச் சுருக்குங்கள். கட்டடக் கலைஞர் பெரிய ஊர்க்காரராக இருந்தால் டெண்டர் விளம்பரம் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்திருக்கும், ஆகவே சுற்றுவட்டாரப் பத்திரிகைகளையும் சேருங்கள். 1907இல் தொடங்கிய 'பில்டிங்' மாத இதழும் அங்கே இருக்கிறது. கணினி எழுத்தைத் தவறாகப் படிப்பது சகஜம். பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றியும் தேடிப் பாருங்கள்.

டெண்டர் கேட்டதையே கட்டியதாக எடுத்துக்கொள்ளும் பிழை அதிகம். 1893 வங்கி நெருக்கடி, வறட்சி, கடைத்தெருத் தீ என்று பல காரணத்தால் வேலை நின்றுபோயிருக்கிறது. டெண்டர், வேலை நடக்கும் செய்தி, "புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டோம்" என்ற கடைக்காரர் விளம்பரம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இருந்தால்தான் ஆண்டை உறுதியாக எழுதலாம்.

கடைக்காரர்கள் பற்றி மாநில ஆவணக்காப்பகத்தில் இரண்டு புதையல்கள் உண்டு. 1842 முதல் 1887 வரையிலான நொடிப்புக் கோப்புகளும் 1888 முதல் 1929 வரையிலான திவால் கோப்புகளும் ஒன்று. கடன்பட்டியலில் மரக்கடைக்கும் கட்டட மேஸ்திரிக்கும் எவ்வளவு பாக்கி என்று இருக்கும், அதுவே கட்டிய காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மற்றது 1880 முதல் 1958 வரையிலான இறந்தோர் சொத்துக் கோப்புகள். வரிக்காக ஒவ்வொரு சொத்தையும் மதிப்பிட்டதால் "செங்கல் கடை, தகரக் கூரை, மேலே ஐந்து அறை" என்கிற மாதிரி விவரம் கிடைக்கும்.

கஃபே விஷயத்தில் ஊர்ப்பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸின் கிரேக்கக் கஃபேக்களில் பெரும்பகுதி கித்திரா தீவுக்காரர்களுடையது. பிங்காராவில் ராக்சி தியேட்டரையும் அதோடு ஒட்டிய கஃபேயையும் கட்டிய 'பீட்டர்ஸ் அண்ட் கம்பெனி'யின் மூன்று பங்காளிகளும் கித்திராவிலிருந்து வந்தவர்கள்தாம். தியேட்டர் 1936 மார்ச் 28 அன்று திறந்தது. அதே ஆண்டில் நிறுவனம் நொடித்துப்போனது. அந்தத் தியேட்டரும் கஃபேயும் முழுக்கப் புதிதாகக் கட்டியவை. உங்களுடையது போல இருந்த கடைக்குள் புகுந்த கஃபேக்களில் மாற்றம் வேறு விதம்: வாசல் உள்வாங்கும், டெராசோ விழும், கண்ணாடிப் பெட்டிகளும் மரத் தடுப்பு இருக்கைகளும் வரும், உட்கூரை தட்டையாகும், சுவரின் உடம்பில் பெரிதாகக் கை வைத்திருக்க மாட்டார்கள். நடத்தியவரின் பெயர் கிடைத்தால் கான்பெராவின் தேசிய ஆவணக்காப்பகத்தில் குடியுரிமை விண்ணப்பத்தைத் தேடுங்கள். எந்த ஊரில், என்ன தொழிலில், எப்போதிலிருந்து என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். 1916இல் கூட்டாட்சி அரசு கிரேக்கர்களை ரகசியமாகக் கணக்கெடுத்த பட்டியலும் அங்கே உண்டு. ஊர்வாரியாகக் கடையையும் தொழிலையும் காட்டும் என்பதால், 1930களுக்கு முன்பே அந்த ஊரில் கஃபே இருந்ததா என்று சரிபார்க்கலாம்.

சுண்ணாம்புச்சாந்து (பதில்)

இனி சுவர். முகப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் மாற்றுவார்கள், அதனால் அது மிகக் குறைவாகவே உண்மை சொல்லும். பக்கச்சுவரும் கூரைக்குள் இருட்டும்தான் நல்ல சாட்சிகள்.

பக்கச்சுவரைத் தரையிலிருந்து உச்சிவரை நேராகப் படமெடுத்து, செங்கல் வரிசைகளை எண்ணுங்கள். மூன்றைப் பாருங்கள்: செங்கல்லின் வகை, எத்தனை வரிசைக்கு ஒருமுறை தலைப்பக்கம் (குறுகிய முனை) வெளியே தெரிகிறது, சாந்தின் நிறமும் இறுக்கமும். இவை ஏதாவது ஒரு மட்டத்தில் ஒன்றாக மாறினால் அங்கேதான் கட்டுமானம் இரண்டாகப் பிரிகிறது. மூன்றில் ஒன்று மட்டும் மாறினால் அது பழுதுபார்ப்பாக இருக்கலாம். முன்பகுதிக்கும் பின்கிடங்குக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக இணைப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள். செங்கற்கள் ஒன்றோடொன்று பல்லாகக் கோத்திருந்தால் ஒரே காலம், நேர்கோடாக முட்டி நின்றால் ஒன்று பிறகு வந்தது.

கையால் வார்த்த செங்கல் ஓரம் மழுங்கி, முகம் சீரற்று இருக்கும். இயந்திரத்தில் அழுத்தியது கூர்மையான விளிம்போடு இருக்கும். ஆனால் உள்நாட்டு ஊர்களில் கைச்செங்கல் சூளைகள் நெடுங்காலம் ஓடின, பழைய செங்கல்லை மறுபடி அடுக்குவதும் உண்டு. எந்தப் பொருளும் "இதற்கு முன் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். ஆணியும் அப்படியே. தகட்டிலிருந்து வெட்டிய ஆணி சதுரத் தண்டோடு இருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 1880களிலிருந்து பரவியது. கைமரத்தில் வெட்டு ஆணியும் மாடித் தரைப்பலகையில் கம்பி ஆணியும் இருந்தால் பலகை பிந்தியது என்று முடிவுகட்டாதீர்கள், இரண்டும் கலந்து புழங்கிய காலம் உண்டு.

கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தில் கம்பெனி முத்திரை தெரியும். லைசாட் கம்பெனி நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில் நெளிதகரம் செய்யத் தொடங்கியது 1921இல். அதற்கு முன் தகரம் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தது. "ஆஸ்திரேலியா" என்று போட்ட லைசாட் முத்திரை இருந்தால் அந்தத் தகடு 1921க்குப் பிந்தியது. தகடு மாறியதால் கூரைச் சட்டம் மாறியது என்று பொருளல்ல. சட்டத்தில் பழைய ஆணித்துளைகள் இரண்டு தொகுதியாக இருந்தால் இது இரண்டாவது தகரம்.

அச்சுத்தகட்டு உட்கூரையைப் பார்த்ததும் 1911 என்று எழுதிவிடத் தோன்றும். சிட்னி வுண்டர்லிக் கம்பெனி 1880களின் கடைசியிலிருந்தே அவற்றைச் செய்தது. 1889இல் திறந்த சிட்னி டவுன்ஹாலின் பெரிய மண்டபத்துக்கும் அவர்கள் தகடுதான், ஆர்கன் அதிர்வில் பூச்சு உதிருமோ என்ற பயத்தால் போட்டது. சிற்றூர்க் கடைகளில் அதே பாணி பல பத்தாண்டு ஓடியது. ஆகவே தகட்டுக்கு மேலே பாருங்கள். விட்டங்களின் அடியில் நெருக்கமாக, சிறு இடைவெளியில் வரிசை ஆணித்துளைகளும் சுண்ணாம்புக் கறையும் இருந்தால், முதலில் மெல்லிய மரப்பட்டிகள்மேல் பூசிய உட்கூரை இருந்தது. அப்போது தகடு இரண்டாவது கட்டம்.

முகப்பில் சுவரைத் தொடாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாய்வெயில் விழும் நேரத்தில், அல்லது இரவில் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, பாரபெட்டைப் படமெடுங்கள். அழிந்த பெயர், மூடிய சன்னல், பழைய தாழ்வார விட்டத்தின் பொந்து எல்லாம் மேடுபள்ளமாகத் தெரியும். மணல் வீசித் தேய்ப்பதும் அழுத்தநீர் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். செங்கல்லின் சுட்ட மேல்தோல் போய்விட்டால் உள்ளே மென்மையானது நீரை உறிஞ்சும், தடயமும் திரும்பாது. சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுப்பதற்கும் அவசரம் வேண்டாம். நன்றாக ஒட்டிய பூச்சு செங்கல் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

முகப்புச்சுவர்

நன்றி. பக்கச்சுவரை எண்ணியதில், மாடிச் சன்னலின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே செங்கல், அடுக்கு, சாந்து மூன்றும் மாறுகின்றன. கீழே கைச்செங்கல், மேலே கூர்விளிம்புச் செங்கல். டைட்டிலில் 1910இல் ஓர் அடமானம் இருக்கிறது. அப்படியானால் 1885 தோற்றத்துக்குத் தாழ்வாரம் அமைக்கலாமா? ஃபைப்ரோவில் ஒரு துளை போட்டு மேலே பார்க்கலாமா?

அட்டவணை5 (பதில்)

துளை போடாதீர்கள். பழைய ஃபைப்ரோ என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் முழுத் தடை 2003 டிசம்பர் 31 அன்றுதான் வந்தது. எலக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்தி விளக்கைக் கழற்றியபின், ஏற்கெனவே உள்ள துளை வழியாகச் சிறு குழாய்க் கேமராவை விடலாம், ஓரத்தை உரசாமல். மாடித் தரைப்பலகை ஒன்று தளர்வாக இருந்தால் மேலிருந்து பார்ப்பது இன்னும் நல்லது, ஆனால் அங்கே விழுந்து கிடக்கும் தூசியைக் கிளறக் கூடாது. மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதிக்கட்டும். 10 சதுர மீட்டருக்கு மேல் கழற்ற உரிமம் பெற்றவர் தேவை. ஒரு கடையின் உட்கூரை அதைத் தாண்டிவிடும். 1970க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் உலர் உப்புத்தாள் தேய்ப்பும் கூடாது.

சுவர் சொல்வதைப் பார்த்தால் மாடியில்லாத கடைக்கு மேல் பிற்காலத்தில் மாடி எழுப்பியிருக்கிறார்கள். 1910 அடமானமும் 1911 பாரபெட்டும் அதோடு பொருந்துகின்றன. டெண்டர் விளம்பரமோ திறப்பு விளம்பரமோ கிடைத்தால் உறுதியாகிவிடும். கீழ்ப்பகுதி 1885தானா என்பது இன்னும் நிற்கும் கேள்வி, அதை 1910 அடமானம் தீர்க்காது.

தாழ்வாரக் கேள்விக்கு இதனால் பதில் மாறுகிறது. முதலில் இருந்த கடை மாடி இல்லாதது. அதன் தாழ்வாரத்தைக் கொண்டுவந்து 1911 மாடிக்குக் கீழே ஒட்டினால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு கட்டடம் உருவாகும். பர்ரா சாசனம் (ஆஸ்திரேலியாவின் பாரம்பரியப் பாதுகாப்பு நெறிமுறை) மறுகட்டமைப்பை அனுமதிப்பது, முந்தைய நிலையை அப்படியே காட்டப் போதுமான சான்று இருக்கும்போது மட்டும். நீங்கள் தேட வேண்டியது 1911க்குப் பிந்தைய தாழ்வாரம். அது ஒரு மட்டமா இரண்டு மட்டமா என்று மாடிச் சன்னல்களே சொல்லும்: நடுச்சன்னலின் அடியில் செங்கல் அடைப்பு இருந்தால், பக்கங்கள் தரைவரை நேராக இறங்கினால், அது முன்பு பால்கனிக்குப் போகும் கதவு. முகப்பு பூசியிருப்பதால் உள்பக்கப் பூச்சில் அந்த விரிசல்கோட்டைப் பாருங்கள்.

தூண்களைக் கழற்றியது பெரும்பாலும் மோட்டார் வண்டிகள் பெருகியபின் கவுன்சில்கள் சொல்லித்தான். கவுன்சில் கூட்டச் செய்திகள் பத்திரிகையில் வந்திருக்கும். தொங்கும் பந்தலின் ஆண்டை அங்கே பிடிக்கலாம். அது கஃபே காலத்தோடு சேர்ந்து வந்திருந்தால், டெராசோவும் பந்தலும் ஒரே கட்டத்தின் உறுப்புகள். அப்போது பந்தலை எடுப்பதும் ஓர் இழப்பு என்று ஆலோசகர் சொல்வார், அறிக்கையில் அதற்கு முன்கூட்டியே பதில் வேண்டும்.

அனுமதி: பதிவுபெற்ற கட்டடத்துக்கு எல்.இ.பி. பிரிவு 5.10 பொருந்தும். சிறு பராமரிப்புக்கு 5.10(3)இன் கீழ் கவுன்சில் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தனி விண்ணப்பம் வேண்டாம். தாழ்வாரம் அதில் அடங்காது. தூண் நிற்கப்போவது பொது நடைபாதையில், ஆகவே 1993 சாலைகள் சட்டம் பிரிவு 138 ஒப்புதலும் தேவை. தூண் குழி தோண்டும்போது பழைய தூண்கல்லோ வடிகாலோ வெளிப்படலாம். தொல்பொருள் கிடைக்க வாய்ப்புள்ள இடத்தில் 1977 பாரம்பரியச் சட்டத்தின் பிரிவு 139 குறுக்கே வரும், தோண்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வரைபடத்தில் கட்டங்களை நிறம் பிரித்துக் காட்டும்போது, ஆவணமும் சுவரும் ஒத்துப்போகும் பகுதிக்கு முழு நிறம், ஒன்று மட்டும் சொல்லும் பகுதிக்குக் கோடிட்ட நிறம் கொடுங்கள். கீழ்த்தளம் இப்போதைக்குக் கோடிட்டதாகவே இருக்கட்டும்.